இராமனும் மிருதங்கமும்

சர் சி. வி. இராமன் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவன இரண்டு. ஒளிச்சிதறலில் அவர் புதுமை கண்ட 1928 பிப்ரவரி 28 ஒன்று; 1930இல் அவருக்குக் கிடைத்த நோபெல் பரிசு மற்றொன்று. ஆண்டுதோறும் அந்நாளை நாடு அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. நம் மன்றத்திலும் அவர் படத்திற்கு மாலை சூட்டுகிறோம். ஆனால் அவ்வறிஞர் வாழ்வில் வட்டமான ஒரு தோலும், அதன்மேல் தூவிய ஒரு பிடி மணலும் உண்டு. அதனைப் பேசுவார் குறைவு. நானும் பேசாமல்தான் இருந்தேன். சென்ற விடுமுறையில் நான் செய்த ஒரு பிழையே என்னை அவரிடம் அழைத்துச் சென்றது. எனவே முதலில் அப்பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீடு அந்தமானில், போர்ட் பிளேயரைச் சேர்ந்த டெய்ரி ஃபார்மில் இருக்கிறது. 2024இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் மட்டும் பழைய பெயரே இன்னும் வழங்குகிறது. என் தாத்தா இளமையில் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர். மூன்று நாள் கடற்பயணத்தில் ஒரு துணிமூட்டையையும், வேட்டியில் சுற்றிய ஒரு மிருதங்கத்தையும் கொண்டுவந்தார். துணிகள் கிழிந்து போயின. மிருதங்கம் மட்டும் பலமுறை தோல் மாற்றப்பெற்று இன்றும் கூடத்து மூலையில் நிற்கிறது.

முதுகலைப் பௌதிகத்திற்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வும் மிருதங்கத்தைப் பற்றியதே. ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு மிருதங்கத்தின் வலந்தலையை ஒலிபெருக்கியால் ஒரே சீராக அதிரச் செய்து, தோலின் எந்த இடம் எவ்வளவு அதிர்கிறது என்று சிறிய ஒலிவாங்கியால் அளந்தேன். நடுவிலிருந்து விளிம்புவரை 12 வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் 36 திசைகள். ஆக 432 எண்கள். அவற்றை நிரையும் நிரலுமாக அடுக்கினால் கணிதத்தார் ‘அணி’ என்று சொல்லும் எண் சதுக்கம் ஆகும். நிரை வளையத்தைக் குறிக்கும். நிரல் திசையைக் குறிக்கும். எண்களைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே மேலெழும் இடத்திற்குச் சிவப்பு, கீழிறங்கும் இடத்திற்கு நீலம், அசையாத இடத்திற்குப் பச்சை என்று வண்ணம் கொடுத்துப் படமாக்குவது வழக்கம்.

விடுமுறையில் டெய்ரி ஃபார்ம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மடிக்கணினியில் அப்படத்தை வரைந்தேன். கணினிக்குச் சதுரமே பிடிக்கும். நூறு கட்டத்திற்கு நூறு கட்டம் என்று பத்தாயிரம் கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றை எடுத்து, நடுவே வட்டமாகத் தோலின் அளவுகளை நிரப்பினேன். வட்டத்திற்கு வெளியே நான்கு மூலைகள் எஞ்சின. அங்கே என்ன எழுதுவது? ஏதேனும் எழுதினால்தான் அணி முழுமை பெறும் என்றெண்ணிச் சுழியம் எழுதிவிட்டேன். மூலைகள் அழகிய பச்சையாயின. பிறகு பச்சைக் கட்டங்களை எண்ணி, தோலில் நூற்றுக்கு இவ்வளவு பகுதி அசையாது நிற்கிறது என்று ஒரு கணக்கும் போட்டேன். அக்கணக்கை ஆய்வேட்டின் முதற்படியில் சேர்த்துப் பேராசிரியருக்கு அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். மிருதங்கத்திற்கு எப்போதிலிருந்து மூலை முளைத்தது என்று கேட்டார். நான் சிரித்தேன். சிறிது நேரத்தில் சிரிப்பு நின்றது. அசையாத தோல் வேறு. தோலே இல்லாத இடம் வேறு. இரண்டையும் ஒரே பச்சையால் பூசியிருந்தேன். சதுரத்தினுள் வட்டம் அடைப்பது நூற்றுக்கு 78.5 பங்குதான். ஏறத்தாழ 2,150 கட்டங்கள் வெறும் வெளி. அவ்வளவையும் அசையாத தோல் என்று எண்ணி, என் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தேன்.

நாணத்துடன் நூல்களைத் தேடினேன். வட்டத் தோலின் அதிர்வை நேர்மையாகப் படமாக்கியவர் யார் என்று பார்த்தபோது எதிரே வந்து நின்றவர் இராமன்.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். 1892இல் தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை கிடைக்கவே குடும்பம் அங்கே குடியேறியது. ஆக, காவிரிக் கரையில் பிறந்தவர் கடற்கரையில் வளர்ந்தார். தந்தையார் வயலின் வாசிப்பவர். பௌதிகமும் இசையும் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தமையால், அவை இரண்டும் வெவ்வேறு துறைகள் என்னும் எண்ணமே அச்சிறுவனுக்கு ஏற்படவில்லை போலும்.

பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904இல் பி.ஏ. தேர்வில் முதன்மையுற்றார். மாணவராயிருந்தபோதே, நீள்சதுரத் துளை ஒன்றின் வழியே சாய்வாகச் செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து உண்டாக்கும் பட்டைகளைக் கூர்ந்து நோக்கி ஆராய்ந்தார். அக்கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ என்னும் ஆராய்ச்சி இதழில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நீள்சதுரத்தில் தொடங்கிய அவர் ஆராய்ச்சி பின்னாளில் வட்டத்திற்கு வந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்லலாம் என்றால், அவர் உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் கூறிவிட்டார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அக்காலத்தில் இந்நாட்டில் வழியில்லை. எனவே நிதித்துறைத் தேர்வெழுதினார், முதலிடம் பெற்றார். 1907இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அதே ஆண்டில் கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் ஆனார். கை நிறையச் சம்பளம். ஊரார் மெச்சும் பதவி. வேறொருவராயிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

கல்கத்தாவில் பௌபஜார் தெரு வழியே டிராம் வண்டியில் போகையில், இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டார் இராமன். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய கழகம் அது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆராய்வார்தாம் அரியராயிருந்தனர். அன்றிலிருந்து அலுவலகத்திற்குப் போகுமுன் காலையிலும், அலுவலகம் விட்டபின் இரவுவரையிலும் அவர் இருப்பிடம் அக்கழகமே ஆயிற்று. ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் ஒருவரே துணை. 1909இல் இரங்கூனுக்கு மாற்றினார்கள். 1910இல் நாகபுரிக்கு மாற்றினார்கள். 1911இல் மீண்டும் கல்கத்தா வந்தார். நம்மைப் போலவே அவரும் சொந்த மண்ணை விட்டு, வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வேலை செய்தவர். இரங்கூனுக்கும் கல்கத்தாவிற்கும் இடையே அவர் கடந்த வங்கக் கடலின் நடுவேதான் எங்கள் தீவுகள் கிடக்கின்றன.

1917இல் ஒரு திருப்பம் வந்தது. சர் ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பௌதிகத்திற்குப் பாலித் பேராசிரியர் பதவியை அவருக்கு அளித்தார். சம்பளமோ அரசாங்கச் சம்பளத்தைவிடக் குறைவு. இராமன் தயங்கவில்லை. கணக்குப் புத்தகங்களை மூடிவிட்டுப் பேராசிரியரானார். படிப்பு முடித்ததும் எந்த வேலைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று இரவெல்லாம் கணக்கிடும் நம்போன்றவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று போவது நல்லது.

அக்காலத்தில் அவர் மனத்தை ஆட்கொண்டிருந்தது ஒலியியல். வயலின் தந்தியின் அதிர்வைப் பற்றி 1918இல் விரிவான நூலொன்று எழுதினார். வீணை, தம்புரா ஆகியவற்றின் தந்திகளை ஆராய்ந்தார். அடுத்து மிருதங்கத்தின் பக்கம் திரும்பினார். இங்கே ஒரு பெரிய புதிர் அவருக்காகக் காத்திருந்தது.

அதனை எளிதாகச் சொல்ல முயல்கிறேன். வயலின் தந்தியைத் தட்டினால் அடிப்படைச் சுரத்துடன் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். முழு மடங்குகளாயிருப்பதால் காதிற்கு இனிமை. ஆனால் வட்டத் தோலின் இயல்பு வேறு. எங்கும் ஒரே கனமாக இழுத்துக் கட்டிய வெறுந் தோலைத் தட்டினால் மேற்சுரங்கள் அடிப்படையைப் போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு, 2.65 மடங்கு என்று ஒழுங்கின்றி எழும். அதனால் சுருதி பிறவாது, ஓசைதான் பிறக்கும். லார்டு ரேலி போன்ற பேரறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டிய உண்மை இது. இராமன் மாணவப் பருவத்திலிருந்தே ரேலியைக் குருவாகப் போற்றியவர். ஆனால் கச்சேரியில் மிருதங்கம் தம்புராவின் சுருதியோடு இழைந்து நிற்பதை அவர் காது கேட்டிருந்தது. குருவின் கணக்கும் பொய்யில்லை; தம் காதும் பொய்யில்லை. அப்படியானால் இரண்டிற்கும் நடுவே ஏதோ இருக்கவேண்டும் அன்றோ?

இருந்தது, தோலின் நடுவே கறுப்பாக. வலந்தலையில் நாம் காணும் ‘கரணை’ அல்லது ‘சோறு’ என்பது, கல்லைப் பொடித்துச் சோற்றுடன் பிசைந்து, படலம் படலமாகத் தடவித் தேய்த்து ஆக்கும் பூச்சு. நடுவில் அது ஏற்றும் எடையும், விளிம்பைச் சுற்றி மேலே தைத்திருக்கும் தோல் வளையமும் சேர்ந்து தோலின் அதிர்வு ஒழுங்கையே மாற்றிவிடுகின்றன. 1.59 ஆக இருந்தது 2 ஆகிறது, 2.14, 2.30 ஆகிய இரண்டும் 3இல் வந்து கூடுகின்றன. 1920இல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இராமன் இதனை முதன்முதல் வெளியிட்டார். பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள், கணக்கு ஒன்றும் எழுதாமல், தலைமுறை தலைமுறையாகத் தடவித் தட்டிக் கேட்டுக் கண்ட விடை அது. அதை விஞ்ஞான உலகின் சபையில் எடுத்து வைத்த பெருமை இராமனுடையது.

1921இல் அவர் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் வட்டக் கூடத்தில் ஒரு சுவரருகே முணுமுணுத்தால் மறுசுவரருகே கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். திரும்பி வருகையில் ‘நார்குண்டா’ கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம் நீரில் தெரிவதே கடலின் நீலம் என்று ரேலி எண்ணியிருந்தார். இராமன் ஒரு பட்டகத்தின் வழியே மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கிப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறுகிறது என்று கண்டார். அந்தக் கேள்வி வளர்ந்து வளர்ந்து, கே. எஸ். கிருஷ்ணன் துணையுடன் 1928இல் இராமன் விளைவாயிற்று. அதற்குமுன் 1924இலேயே இராயல் சொசைட்டியில் இடம் பெற்றிருந்தார். 1929இல் சர் பட்டமும் 1930இல் நோபெல் பரிசும் வந்தன. அக்கதை யாவரும் அறிந்ததாதலின் இத்துடன் நிறுத்துகிறேன்.

என் வியப்பு அதற்குப் பிறகு தொடங்குகிறது. உலகப் புகழ் பெற்றபின் அவர் மிருதங்கத்தை மறந்திருக்கலாம். மறக்கவில்லை. 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1934இல் இந்திய விஞ்ஞானப் பேரவையை நிறுவினார். அப்பேரவை வெளியிட்ட இதழின் முதல் தொகுதியிலேயே இந்திய இசை முழவுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் சேர்ந்து ஐந்தே சுரங்களில் ஒழுங்காக அடங்குகின்றன என்று அதில் காட்டினார். முதற்சுரத்தில் ஒரு முறை, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் மூன்று.

இதை அவர் எப்படிக் காட்டினார்? தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவினார். தோலைத் தொடவேண்டிய இடத்தில் விரலால் தொட்டு, தட்டவேண்டிய இடத்தில் தட்டச் செய்தார். அதிரும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடி, அசையாத கோடுகளில் போய்த் தங்கியது. அதனைப் புகைப்படம் எடுத்தார். ஜெர்மானியர் கிளாட்னி 1787இல் உலோகத் தகடுகளின்மேல் இம்முறையைக் காட்டியிருந்தார்; இராமன் அதனை நம் வாத்தியத்தின் தோலில் ஏற்றினார். படத்தாள் தேடவில்லை, சதுரம் போடவில்லை. எந்தத் தோல் அதிர்ந்ததோ அந்தத் தோலே படத்தாள் ஆயிற்று. மணல் நின்ற இடத்தில் தோல் அசையவில்லை என்பது உறுதி. தோல் இல்லாத இடத்தில் மணல் நிற்கவும் முடியாது. நான் எழுதிய பொய்ச் சுழியத்திற்கு அங்கே இடமே இல்லை!

அன்று மாலை தாத்தாவிடம் இதைச் சொல்லி, கார்பின் கோவ் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வரட்டுமா என்று கேட்டேன். வாத்தியத்தின்மேல் உப்பு மணலைக் கொட்டுவதா என்று கோபித்துக்கொண்டார். பிறகு, இடந்தலைக்கு ரவை பிசைந்து அப்புவது வழக்கந்தானே, வலந்தலை ரவையைக் கண்டு வருந்தாது என்று தாமே சமாதானம் செய்துகொண்டு பாட்டியிடம் ரவை கேட்டார். மிருதங்கத்தை நிமிர்த்தி வைத்து, உலர்ந்த ரவையைக் கரணையின்மேல் தூவினோம். தாத்தா நடுவை ஒட்டி ஒரு விரலை மெல்ல வைத்து, மறு கையால் ஓரத்தில் தட்டினார். நாலைந்து தட்டில் ரவை கறுப்பின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக ஒதுங்கியது. கோடு சற்றுக் கோணல்தான். ஆனால் ஐயத்திற்கு இடமில்லை. அறுபது ஆண்டுகளாகத் தாம் வாசித்த சொல்லைக் கண்ணால் காண்பது இதுவே முதல் தடவை என்று சொல்லித் தாத்தா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு மடிக்கணினியைத் திறந்து படத்தைப் புதிதாக வரைந்தேன். இம்முறை பயிலும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்லுகிறேன். அணியைச் சதுரத்தில் திணிக்கவில்லை. நிரை சொல்லும் தூரத்தையும் நிரல் சொல்லும் திசையையும் கொண்டு ஒவ்வோர் எண்ணையும் அது பிறந்த இடத்திலேயே வைத்தேன். கட்டங்கள் வளைந்த துண்டுகளாயின. முதலில், 36ஆம் திசைக்கும் முதல் திசைக்கும் இடையே பத்துப் பாகை அகலத்தில் கடித்த அப்பளம் போல் ஓர் இடைவெளி விழுந்தது. அணியில் முதல் நிரலும் கடைசி நிரலும் எதிரெதிர் ஓரங்களில் நிற்கின்றன. தோலிலோ அவை அண்டை வீட்டார். முதல் நிரலைக் கடைசியிலும் ஒரு முறை எழுதியதும் வட்டம் மூடியது. அடுத்து, கட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பரப்பைக் கணிப்பதை விட்டேன். பன்னிரண்டாம் வளையத்தின் ஒரு துண்டு, முதல் வளையத்தின் ஒரு துண்டைப்போல் 23 மடங்கு பெரிது. இரண்டையும் ஒன்றென்று எண்ணினால் கணக்கு மீண்டும் பொய்யாகும். மூலைகளுக்கு எந்த வண்ணமும் கொடுக்கவில்லை. அங்கே வெள்ளைத் தாள் வெள்ளைத் தாளாகவே இருந்தது. முடிவில் அசையாத பகுதி முன்னர் நான் எழுதியதைவிட மிகக் குறைந்துவிட்டது. பேராசிரியருக்கு அன்றிரவே திருத்தம் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. அனுப்பியபின் மனம் இலேசாயிற்று.

இராமனைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் முன்கோபி, தம் கருத்தில் பிடிவாதம் மிக்கவர். 1933இல் கமலா பாகவத் என்னும் மாணவி பெங்களூர்க் கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதற்காகவே இடம் தர மறுத்தார். அவர் விடாது போராடியபின் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். கமலா சோஹோனி என்று பின்னர் பெயர் பெற்ற அப்பெண்மணி, கேம்பிரிட்ஜில் 1939இல் டாக்டர் பட்டம் பெற்றுச் சிறந்த விஞ்ஞானியானார். தோலின் ஒவ்வோர் இடத்திலும் என்ன நிகழ்கிறது என்று பொறுமையாகப் பார்த்த இராமன், இந்த ஓர் இடத்தில் பார்க்குமுன்பே சுழியம் எழுதிவிட்டார். பெரியோர் பிழையிலும் நமக்குப் பாடம் உண்டு.

1937இல் இயக்குநர் பதவியை விட்டு, 1948வரை அங்கேயே பேராசிரியராகப் பணியாற்றினார். பிறகு தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். முதுமையிலும் மலர்களின் நிறம், மணிகளின் ஒளி, கண் நிறத்தை உணரும் விதம் என்று வண்ணங்களையே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். அவர் விரும்பியபடியே நிலையத்தின் தோட்டத்தில் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் கல்லறை இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

விடுமுறை முடிந்து கப்பலேறும் நாளில், எங்கள் பகுதிக் கடை ஒன்றில் மாட்டியிருந்த இந்தியப் படத்தைப் பார்த்தேன். எங்கள் தீவுகள் இருக்கவேண்டிய கீழ்மூலையில், நிறங்களின் விளக்கத்தை ஒரு பெட்டியாக அச்சிட்டிருந்தார்கள். தோல் இல்லாத மூலையில் தோல் இருப்பதாக நான் வரைந்தேன். ஊர் இருக்கும் மூலையில் ஊர் இல்லை என்று அவர்கள் வரைந்திருந்தார்கள். இரண்டும் ஒரே பிழைதான். சதுரத்தின் வசதிக்காகப் பொருளின் உருவத்தை மறந்த பிழை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை எண்களோடு வாழப் போகிறவர்கள். மழையையும் நோயையும் வறுமையையும் அணிகளாக்கி வண்ணம் தீட்டுவோம். அப்போது, இல்லாத இடத்திற்கு நிறம் கொடுத்துவிட்டோமா, இருக்கும் இடத்தை மறைத்துவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். ஐயம் வந்தால் மிருதங்கத்தின்மேல் ஒரு பிடி மணல் தூவிய அந்தத் தமிழரை நினைத்துக்கொள்வோம். எனக்கு அவரோடு, பாட்டியின் ரவை டப்பாவும் நினைவிற்கு வரும்.